இரும்புச் சட்டத்தில் மாட்டு மணி

1

எங்கள் நகரப் பூங்காவில் இந்தக் கோடைக்கும் சிற்பங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். இக்காலச் சிற்பங்கள், திறந்தவெளிக் கண்காட்சி, அனுமதி இலவசம். ஜெர்மனியில் இலவசம் என்ற சொல்லைப் பார்ப்பதே அபூர்வம், கழிப்பறைக்குக்கூடக் காசு வாங்குகிற நாடு இது. அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. நாய்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும்கூட வந்து கலை ரசிக்கிறார்கள்.

நம் ஊரில் சிலை என்றால் குழப்பமே இல்லை. ஒன்று சாமியாக இருக்கும், இல்லாவிட்டால் தலைவராக இருக்கும். இரண்டுக்கும் மாலை போடலாம். ஒன்றுக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும், மற்றொன்றின் தலையில் காக்கா உட்காரும், அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே இருப்பவற்றை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இந்த வருடம் புல்வெளி நடுவே ஒரு சிமென்ட் மூட்டையைச் சிமென்ட்டிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். மதுக்கரையில் சிமென்ட் ஆலைத் தூசியைத் தின்று வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டு முருங்கை இலையே பாதி நாள் வெள்ளையாகத்தான் இருக்கும். எனக்குச் சிமென்ட் மூட்டையைக் கலை என்று காட்டினால் நான் என்ன சொல்ல? சுற்றிவந்து பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

போன வெள்ளிக்கிழமை நான் போனது அதைப் பார்க்க இல்லை. போன கோடையில் இதே பூங்காவில் ஓர் இரும்புச் சட்டம் நின்றது. இரண்டு தூண், மேலே குறுக்காக ஒரு விட்டம். அதில் என் அண்ணன் கொடுத்தனுப்பிய மாட்டு மணி ஒன்றை நான் கட்டினேன். கண்காட்சி முடிந்ததும் சட்டத்தோடு மணியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருடம் திரும்ப வந்திருக்குமோ என்ற நப்பாசை. பூங்காவைக் குளம்வரை போய், மறுபடி வாசல்வரை வந்து தேடினேன். வரவில்லை.

என் பிள்ளை கதிரை ஏற்றிவரும் வேன் வர இன்னும் நேரம் இருந்தது. போன வருடம் அந்தச் சட்டம் நின்ற இடத்துக்குப் போனேன். அங்கே புல் நன்றாக மூடிவிட்டது. அதன்மேல் துண்டு விரித்து ஒரு பெண் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து போம்மா என்று அவளிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

2

கதிருக்குப் பேச்சு வந்துதான் இருந்தது. இங்கே வரும்போது அவனுக்கு இரண்டு வயது. காக்கா, தண்ணி, மாமா, லாரியைப் பார்த்தால் லாலி. இவர், என் வீட்டுக்காரர், கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு மில் இயந்திரப் பட்டறையில் இருந்தவர். இங்கே நூற்பு இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், பவானி ஜமக்காளம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு மூன்று பேரும் விமானம் ஏறினோம். முதல் குளிர்காலத்தில் கதிரின் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முதலில் காக்கா போயிற்று. கடைசியாகப் போனது லாலி. பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

காதுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். நீளமான ஒரு நோய்ப்பெயரை எழுதி, அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார்கள். அப்புறம் பேச்சுப் பயிற்சி தரும் ஓர் அம்மாவிடம் அனுப்பினார்கள். நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு இரண்டு மொழி பாரமாக இருக்கிறது, இனிமேல் வீட்டிலும் ஜெர்மன் மட்டும் பேசுங்கள், தமிழ் வேண்டாம் என்றார். இவர் அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, எனக்கே தெரியாத பாஷைல எம் புள்ளைய நா எப்படிங்க கொஞ்சறது?" என்று கேட்டேன்.

"அவங்க படிச்சவங்க சுமதி. நாம எதுத்துப் பேசி நாளைக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

அவர்கள் சொன்ன ஜெர்மனைக் கற்றுக்கொண்டேன். வா, சாப்பிடு, தூங்கு, செருப்பைப் போடு, வாயைத் திற, தொடாதே. என் ஜெர்மன் முழுவதும் ஒரு சின்னப் பிள்ளையை அதட்டுகிற ஜெர்மன். நம் கோயமுத்தூர்க்காரர்கள் நாயைக்கூடப் 'போங்க' என்று விரட்டுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்களே, அந்த ஊர்க்காரி நான். இங்கே வெளிநாட்டார் அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நரைத்த தலை அதிகாரியிடம் போய், எங்கள் பாஸ்போர்ட்டைக் 'குடு' என்றேன். 'சீக்கிரம்' என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் புருவம் போன உயரத்தைப் பார்த்துத்தான் ஏதோ தப்பு என்று புரிந்தது. மரியாதையாகப் பேசும் ஜெர்மன் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளையோடு பேச அது தேவைப்படவில்லையே.

பாஸ்போர்ட்டுகள் குடியிருப்பு நீட்டிப்புக்காக அந்த அலுவலகத்தில் கிடந்தன. எப்போது வரும் என்று கேட்டால் பொறுத்திருங்கள் என்பார்கள். இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வேறு ஒன்று சொன்னார்கள். கோடை முடிந்ததும் ஒரு சோதனை வைப்போம், அதற்குள் பேசவில்லையென்றால் வேறு ஊரில் இருக்கும் விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும், திங்கள் போனால் வெள்ளிதான் வீட்டுக்கு. ஐந்து வயதுப் பிள்ளை. பசிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன். அவனை இன்னோர் ஊரில் படுக்க வைக்க வேண்டுமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

3

எனக்கு ஒரே அண்ணன். மதுக்கரையில் சிமென்ட் லாரி ஓட்டுகிறார். வீட்டில் போன் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்துப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் வந்து உட்கார்ந்திருப்பார், நான் இங்கிருந்து கூப்பிடுவேன். பூத்துக்காரர் ரிசீவரைக் கொடுக்கும்போதே அண்ணன் கத்த ஆரம்பித்துவிடுவார். தூரம் அதிகமாயிற்றே, மெதுவாகப் பேசினால் கேட்காது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

விடுதிப் பள்ளி விஷயத்தைச் சொல்லி அழுத அன்று அவர் கத்தவில்லை.

"அழுவாத கண்ணு. நா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கறேன். போன ஆடில அந்தியூர்ச் சந்தைக்கு லோடு எறக்கப் போனப்ப வாங்குனது. மணி."

"கோயில் மணியாங்ணா?"

"மாட்டு மணி. கோயில் கடைல விக்கறதெல்லாம் கொசு கத்தறாப்ல கத்தும். எம் மாப்ளைக்கு நல்லாக் காதுல உழோணும்ல? ஆடிக்கு நீ கெளம்பி வா அம்மணி. உங் கையால கட்டோணும். கட்டி முடிக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது. பொறவு அவங் கையால அடிக்கோணும். மிச்சத்த அவ பாத்துக்குவா."

அவள் என்றால் எங்கள் மாகாளி. பவானியில் இருந்து கொஞ்ச தூரத்தில் காட்டுக்குள் கோயில். பேச்சு வராத பிள்ளைகளுக்காக அங்கே மணி கட்டுவார்கள். கோயில் முன்னால் இரண்டு கல் தூண் நட்டுக் குறுக்கே இரும்பு விட்டம் போட்டிருக்கும். அது நிறைய மணிகள். காற்று அடித்தால் பேசிக்கொண்டே இருக்கும். நான் பாவாடை சட்டை போட்ட வயதில் ஒருமுறை அங்கே ஒரு பெண் மணி கட்டுவதைப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளை. உதட்டை இறுக மூடியிருந்தாள். கயிறு நழுவி நழுவி விழுந்தது. "ஏனுங்க்கா, நா வேணா புடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பிடிவாதமாகத் தனியாகவே கட்டினாள். என்ன திமிர் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அந்தப் பெண்ணின் பிள்ளை பேசியதா என்று இப்போது யாரைக் கேட்பது?

இவருடைய தொழிற்சாலை நண்பர் ஒருவர் விடுமுறைக்குக் கோயமுத்தூர் போனவர், திரும்பும்போது மணியைக் கொண்டுவந்து கொடுத்தார். விமான நிலையத்தில் அதை எடுத்து ஆட்டிப் பார்த்தார்களாம். வெண்கலம், என் உள்ளங்கையை நிறைக்கும். அண்ணன் மஞ்சள் துணியில் சுற்றி, லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றையே ஒரு முழம் வெட்டி வைத்திருந்தார். கதிர் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான். மணியின் நாக்கைத் துணியால் கட்டியிருந்ததால் சத்தம் வரவில்லை. அண்ணன்தான் கட்டியிருக்க வேண்டும், சாமி முன்னால்தான் முதல் சத்தம் கேட்க வேண்டும் என்று.

ஆடி வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று மாகாளிக்கு யார் சொல்வது? ஜன்னல் அதிகாரியிடம் இவரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை போனேன். இந்த முறை நான் வாயைத் திறக்கவே இல்லை, இவர்தான் பேசினார். குரலைத் தாழ்த்தி, கையைக் கட்டிக்கொண்டு, ஊரில் மில் மேலாளர் முன்னால் நிற்பாரே அந்த மாதிரி. பொறுத்திருங்கள் என்றார்கள்.

4

அந்தக் கோடையில்தான் இரும்புச் சட்டத்தைப் பார்த்தோம். பேச்சுப் பயிற்சி அம்மா பிள்ளையை வெளியே கூட்டிப்போகச் சொன்னதால் தினமும் பூங்காவுக்குப் போவோம். காசு கேட்காத இடம் அது ஒன்றுதான். சிற்பங்களைக் காவல் காக்க ஒரு கிழவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். குடுவையில் காப்பி வைத்திருப்பார். எனக்குத் தினமும் வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். இந்த நாட்டில் அந்தக் கிழவரைத் தவிர எனக்கு வணக்கம் சொன்ன இன்னோர் ஆள் எங்கள் மாடிப்படியைத் துடைக்கிற அம்மா.

குளத்தைத் தாண்டித் திரும்பியதும் அது நின்றது. துருவேறிய இரண்டு தூண், மேலே விட்டம். விட்டத்தில் வரிசையாகக் கொக்கிகள். எதிலும் எதுவும் தொங்கவில்லை. கீழே தகட்டில் என்னவோ பெயர் எழுதியிருந்தது. நான் நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். கழற்றிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அவசரமாக மாட்டிக்கொண்டேன்.

எனக்குப் பைத்தியம் இல்லை. அது கோயில் இல்லை, யாரோ ஒருத்தர் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த இரும்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் மாகாளி கோயில் விட்டத்துக்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது, இதில் மணி இல்லை. கொக்கியை மாட்டி வைத்துவிட்டு மணிக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

கதிர் என் கையை உதறிவிட்டு ஓடினான். தூணைக் கட்டிப்பிடித்து அதில் காதை வைத்தான். வெயிலில் சூடாகியிருந்த இரும்பு. கையால் தட்டினான், மறுபடி காதை வைத்தான். உள்ளே என்ன கேட்டதோ, சிரித்தான். சத்தம் போட்டுச் சிரித்தான்! குளிர்காலம் முழுக்க நான் கேட்காத சிரிப்பு. காவல் கிழவர்கூட எழுந்து நின்று பார்த்தார். அதற்கப்புறம் தினமும் வீட்டை விட்டு இறங்கியதும் அங்கேதான் என்னை இழுத்துக்கொண்டு போவான். வேறெந்தச் சிற்பத்தையும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஆடி முடிய இருந்த ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு மணியை எடுத்துப் பையில் வைத்தேன். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். சொன்னால் தடுப்பார் என்று சொல்லவில்லை.

5

பூங்காவில் கிழவரைத் தவிர யாரும் இல்லை. வணக்கம் என்றார். நான் வாயைத் திறக்கக் கூடாதே, தலையை மட்டும் ஆட்டினேன். கதிரை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தூணின் அடிக்கட்டை மேல் ஏறி நின்று கொக்கியை எட்டினேன். கயிறு நழுவியது. இரண்டாவது முறையும் நழுவியது. மாகாளி கோயிலில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று அப்போது தெரிந்தது. பிள்ளையை இறக்கிவிடவும் மனசு வராது, ஒரு கையால் முடிச்சும் விழாது.

கிழவர் ஓடிவந்தார். கூடாது, கூடாது, இறங்கு என்று சொல்கிறார் என்பது புரிந்தது. ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்ல வாயைத் திறக்க முடியாது, திறந்தாலும் அந்த ஜெர்மன் எனக்குத் தெரியாது. விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். பேசமாட்டேன் என்பதற்குக் காட்டினேன். அவர், தன்னைத்தான் வாயை மூடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. என்னென்னவோ சொல்லிக்கொண்டே போன் செய்யப் போனார். தினமும் வணக்கம் சொன்ன மனிதர். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் இறங்கவில்லை.

முடிச்சு விழுந்தது. மணி நாக்கின் துணியை அவிழ்த்தேன். கதிரின் கையைப் பிடித்து வைத்ததும் மிச்சத்தை அவனே செய்தான். அடித்தான். அந்தியூர்ச் சந்தையில் காளை கழுத்தில் போட வேண்டிய மணி, ஜெர்மன் பூங்காவில் அப்படி ஒரு சத்தம் போட்டது. குளத்து வாத்துகள் எழுந்து பறந்தன. மறுபடி அடித்தான். மறுபடியும். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தது. உதடு குவிந்தது. மாகாளி, மாகாளி என்று உள்ளுக்குள் கதறினேன். சத்தம் வரவில்லை. மணிதான் அடித்தது.

கொஞ்ச நேரத்தில் கண்காட்சி நடத்தும் பெண்மணி ஒருவர் சைக்கிளில் வந்தார். நாங்கள் வீட்டில் இல்லாததைப் பார்த்து இவரும் தேடிக்கொண்டு வந்துவிட்டார். விட்டத்தில் மணியையும் கீழே என்னையும் பார்த்து ஒரு நொடியில் விஷயம் புரிந்துகொண்டார். மாகாளியைத் தெரிந்த பவானிக்காரர்தானே இவர். அந்தப் பெண்மணி, இது மதச் சடங்கா என்று கேட்டாராம். இவர், இல்லை, குழந்தையின் விளையாட்டுச் சாமான் என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கதிருக்காகக் கற்றுக்கொண்ட சொல்.

"வெளையாட்டுச் சாமானுங்களா?" என்று தமிழில் கேட்டேன். எல்லோர் முன்னாலும், பிள்ளை முன்னாலும்.

"பாஸ்போர்ட்டு அவங்க கைல இருக்குது சுமதி. பார்க்குல சாமி கும்புட்டாங்கன்னு எழுதி வெச்சா என்ன பண்ணுவ?" என்றார்.

மணியைக் கழற்றச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண்மணி, சிற்பத்தில் எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும் செய்த கலைஞரைக் கேட்க வேண்டும், அவர் வெளியூரில் இருக்கிறார், பதில் வரும்வரை அப்படியே இருக்கட்டும் என்றாராம். இந்த நாட்டில் கேட்காமல் எதையும் வைக்க முடியாது, கேட்காமல் எதையும் எடுக்கவும் முடியாது. அந்த இரண்டாவது விதி எனக்கு உதவியது.

அடுத்த சனிக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன்.

"நீ பேசாமக் கட்டுனயா?"

"பேசலீங்ணா."

"அவன் அடிச்சானா?"

"அடிச்சானுங்ணா."

"அப்பறம் என்ன? அவளுக்கு வழி தெரியாதாக்கும். கேட்டுக் கேட்டு வந்து சேந்துக்குவா, உடு."

6

அதற்கடுத்த மாதம் முழுக்கக் கதிர் தினமும் போய் மணி அடித்தான். கிழவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கதிர் கைக்கு எட்டாமல் தவிப்பதைப் பார்த்து, ஒருநாள் தன் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து கீழே போட்டுவிட்டுப் போனார். நான் நன்றி சொன்னேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற நன்றிதான், அதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் மழையால் போகவில்லை. மறுநாள் போனால் சட்டம் இல்லை. தூண் நின்ற இடத்தில் இரண்டு குழி, புது மண் போட்டு மூடியிருந்தது. கண்காட்சி முடிந்துவிட்டது, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கலைஞர் பதில் போட்டாரா, மணி விட்டத்திலேயே இருந்ததா, கழற்றி எறிந்தார்களா, யாரைக் கேட்பது? கிழவரும் இல்லை, நாற்காலியும் இல்லை. இவர் போன் செய்து கேட்டார். பொறுப்பாளர் விடுமுறையில் இருக்கிறார் என்றார்களாம். கதிர் ஒரு குழியின் மண்ணைக் கையால் தோண்டினான். நகம் எல்லாம் மண். தூக்க முயன்றபோது என் தோளைக் கடித்தான்.

அண்ணனிடம் அதையும் சொன்னேன். "லாரில போனா என்ன கண்ணு? நாந் தெனமும் லாரிலதான் போறேன், வாறேன். அவளும் போய்ட்டு வரட்டும்" என்றார். அப்படித்தான் சொன்னார். ஆனால் வழக்கமாகக் கத்துகிறவர் அன்றைக்குக் கத்திச் சொல்லவில்லை.

சோதனைக்கு அழைத்தார்கள். ஒரு மேசை, அதன்மேல் படங்கள். நாய், ஆப்பிள், வீடு. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், உதவக் கூடாது. நாய்டா கண்ணு, நாய் என்று என் தொண்டைவரை வந்து நின்றது. கதிர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். சோதித்த பெண் ஒவ்வொரு படமாகக் கவிழ்த்து வைத்தாள். கடைசிப் படத்தைக் கவிழ்த்ததும் எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை விடுதிப் பள்ளியின் வெள்ளை வேன் வந்தது. நம் ஊரில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, போய்ட்டு வாரேன் என்றுதானே சொல்வோம். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் போவது மட்டும்தான் இருந்தது, வருவதைச் சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. பெல்ட்டை மாட்டிவிடுகிற சாக்கில் வேனுக்குள் தலையை நுழைத்து, அவன் காதில் "போய்ட்டு வா சாமி" என்று தமிழில் சொன்னேன். தடை செய்த மொழியில், திருட்டுத்தனமாக. அவன் என் காதைத் தொட்டுப் பார்த்தான். கதவை மூடிவிட்டார்கள்.

பாஸ்போர்ட்டுகள் அடுத்த வாரம் வந்தன. இனி எங்கு வேண்டுமானாலும் போகலாமாம்.

7

திங்களிலிருந்து வெள்ளிவரை வீட்டில் நான் மட்டும். இவருக்கு ஷிப்ட். ஜமக்காளத்தில் கதிர் உட்காரும் மூலையை மட்டும் நான் தட்டிப் போடுவதில்லை, பிஸ்கட் தூள் இருந்தால் இருக்கட்டும். சாயங்காலம் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். இப்போது மரியாதையாகப் பேசவும் சொல்லித்தருகிறார்கள்.

இந்த வசந்தத்தில் கதிர் பேச ஆரம்பித்தான். எனக்கு அதை முதலில் சொன்னது வேன் ஓட்டுநர். உங்கள் பையன் வழியெல்லாம் வாயை மூடுவதே இல்லை என்று கைவிரல்களை வாயைப் போலத் திறந்து மூடிக் காட்டினார். நான் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் மாகாளி என்னை மன்னிக்க மாட்டாள். ஆனால் வீட்டுக்குள் வந்து அவன் பேசியபோது, விடுதிப் பிள்ளைகள் பேசுகிற அந்த ஊர்க் கொச்சையில், அவ்வளவு வேகத்தில் பேசியபோது, பத்தில் ஒன்றுதான் எனக்குப் பிடிபட்டது. தலையை ஆட்டுவேன். நான் ஆட்டுகிற ஆட்டில் எனக்குப் புரியவில்லை என்று அவனுக்குப் புரிந்துவிடும். உடனே அப்பாவைத் தேடிப் போவான். ஜெர்மன் இரும்பு விட்டத்தில் கட்டினேன் அல்லவா, அது தன் ஊர்ப் பேச்சைத்தான் கொடுக்கும். அதை நான் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

போன சனிக்கிழமை, பூங்காவில் மணியைத் தேடிவிட்டு வந்த மறுநாள், அண்ணனைக் கூப்பிட்டேன். இவர் வேலைக்குப் போயிருந்தார். இத்தனை நாளாக அண்ணன் கேட்கும்போதெல்லாம், பேச ஆரம்பித்துவிட்டான், ஆனால் கூச்சப்படுகிறான் என்று சொல்லிவைத்திருந்தேன். அன்றைக்கு அவர் விடவில்லை.

"இன்னைக்குக் குடுத்தே ஆகோணும் அம்மணி. ஒத்த வார்த்தை. கோவமா இருந்தாலும் பரவால்ல, என்னைய வையட்டும்."

ரிசீவரைக் கதிரின் காதில் வைத்தேன். "மாப்ள! டேய் மாப்ள! மாமம் பேசறேன்டா! மதுக்கரைல இருந்து!" என்று அண்ணன் போட்ட கத்தல் அறை முழுக்கக் கேட்டது. கதிர் ரிசீவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் வாயருகே வைத்து ஒரு வாக்கியம் சொன்னான். நீளமான வாக்கியம். தெளிவாக, நிறுத்தி, முடிவில் குரலை உயர்த்திச் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். பதில் எதிர்பார்க்கிற பார்வை. எனக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

நான் ரிசீவரை வாங்கினேன். அந்தப் பக்கம் லாரி ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு அண்ணன் அழுவது கேட்டது.

"பேசிட்டான் கண்ணு. எங் காதால கேட்டுட்டேன். எம் மாப்ள பேசிட்டான். என்ன கண்ணு சொன்னான்? என்னையத்தான் ஏதோ கேட்டாப்ல இருந்துதே?"

"ஆமாங்ணா. உங்களைத்தானுங்ணா" என்றேன். "மாமா நல்லா இருக்கீங்களான்னு கேட்டானுங்ணா."

"ஏனுங்க, கேட்டீங்களா? எம் மாப்ள என்னைய நல்லா இருக்கறனான்னு கேக்கறானுங்க!" அண்ணன் பூத்தில் இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. யாரோ சிரித்தார்கள். "நல்லா இருக்கறேன்னு சொல்லு அம்மணி. மாமன் ரொம்ப நல்லா இருக்கறேன்னு சொல்லு."

போனை வைத்தேன். கதிர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே வாக்கியத்தை இன்னொரு முறை, கொஞ்சம் பொறுமையாகச் சொன்னான். தலையை ஆட்டினேன். அவன் ஜமக்காளத்தில் தன் மூலைக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

இவர் வர சாயங்காலம் ஆகும். வந்ததும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம். அதுவரை மறந்துபோகக் கூடாதே என்று, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் சமையலறையில் நின்று, என் பிள்ளை சொன்னதைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.